எலும்பு கூடிய பின்னும் ஆறாத வலி

2013ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், வியாழக்கிழமை. மாலை ஏழு மணியளவில் ஐதராபாத்தின் தில்சுக்நகர் பகுதியில், மிதிவண்டிகளில் பொருத்தப்பட்டிருந்த இரு குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. 18 உயிர்கள் பறிபோயின. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அதற்கு முன்னர், 2007 ஆகஸ்ட் 25 அன்று லும்பினி பூங்காவிலும் கோட்டி கோகுல் சாட் கடையிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 42 பேர் மாண்டனர். இத்தகைய நிகழ்வுகளில் இறந்தோரையும் காயமுற்றோரையும் கணக்கெடுக்கிறோம். புண் ஆறிய பிறகும் வலி ஆறாதவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

குண்டுவெடிப்பில் மட்டுமன்றிச் சாலை விபத்திலும் இது நேர்வதுண்டு. கடன் தவணையை மாற்றியமைக்கக் கோரி ஒரு வாடிக்கையாளர் என்னிடம் வந்திருந்தார். விபத்தில் முறிந்த கால் எலும்பு கூடி ஓராண்டாகியும், வலியால் கடையில் நிற்க இயலவில்லை என்றார். இரவில் உறக்கமில்லை என்றும், விபத்து நேர்ந்த சாலையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் செல்வதாகவும் பேச்சினிடையே கூறினார். அவரது கோப்பில் ஊடுகதிர்ப் படங்களும் அறுவை சிகிச்சை ரசீதுகளும் இருந்தன. மனநல மருத்துவரைக் கண்டதற்கான சீட்டு ஒன்றுகூட இல்லை.

பேரதிர்ச்சிக்குப் பின் கொடுங்கனவு, நிகழ்வு மீண்டும் கண்முன் தோன்றுதல், அதை நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல், எதற்கும் திடுக்கிடுதல் ஆகியவை சில நாட்கள் இருப்பது இயல்பே. பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகின்றனர். ஒரு மாதத்திற்கு மேலும் இவை நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம். மூன்று மாதங்களைக் கடந்தும் தொடரும் வலியை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்பர்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்ற கருத்தை டிமோத்தி ஷார்ப், அலிசன் ஹார்வி என்னும் ஆய்வாளர்கள் 2001இல் முன்வைத்தனர். அச்சத்தில் விழித்திருக்கும் நரம்பு மண்டலம் தசைகளை இறுக்குகிறது. உறக்கம் குறைந்தால் வலியுணர்வு மிகுகிறது. அஞ்சி அசையாதிருந்தால் மூட்டுகள் விறைக்கின்றன. ஒவ்வொரு வலியும் விபத்தை நினைவூட்டி, அச்சத்தை மீண்டும் கிளறுகிறது. செலுத்தப்படாத வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறுவதைப் போன்றது இது.

இதனால் வலி கற்பனை என்றாகிவிடாது. அது மெய்யான வலியே. ஆதலால் எலும்புக்கும் மனத்திற்கும் ஒருசேர மருத்துவம் தேவைப்படுகிறது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண்ணசைவு வழியிலான சிகிச்சை ஆகியவை இக்கோளாறுக்குப் பயன் தருபவை. இவற்றை உரிய காலத்தில் பெற்றால் வலி நாட்படும் வாய்ப்பு குறையலாம். முற்றிலும் தடுத்துவிடும் என்று உறுதி கூற இயலாது. அதிர்ச்சியுற்ற முதல் மாதத்தில் உறக்கத்திற்காக பென்சோடையசெபின் வகை மாத்திரைகளைத் தர வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2013இல் அறிவுறுத்தியது. ஆகவே மருத்துவரைக் கேளாமல் மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்குதல் கூடாது.

செலவைக் குறித்துத் தயங்குவோர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். உடல்நோய்க்கு அளிக்கும் அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு விதிக்கிறது. தங்கள் மருத்துவக் காப்பீட்டு ஆவணத்தில் இதன் வரம்புகளைப் படித்துப் பாருங்கள். வங்கி வழியே ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, விபத்தால் நேரும் இறப்புக்கும் ஊனத்திற்கும் மட்டுமே உரியது. மருத்துவச் செலவை அது ஏற்காது. இரண்டையும் ஒன்றெனக் கருத வேண்டாம்.

ஐதராபாத்தில் எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனை உள்ளது. நாட்டின் எப்பகுதியிலிருந்தும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம், தமிழிலும் பேசலாம்.

அந்த வாடிக்கையாளரின் மனுவை மேலிடத்திற்குப் பரிந்துரைத்து அனுப்பினேன். விடைபெறும்போது அவ்வெண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். “கால் வலிக்கு இதுவா சார்?” என்று கேட்டார். “காலுக்கும் சேர்த்துத்தான்” என்றேன். தாளை மடித்துக் கணக்குப் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டார்.