ராகியில் ஒரு ராணுவம்... டைனிங் டேபிளில் கிருஷ்ணகிரி கோட்டை!

பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால், ஊர் நெருங்கும்போது மலை மேல் அந்தக் கோட்டை தெரியும். எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். ‘இங்க யார் யாரோட சண்டை போட்டாங்க?’ என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை.

விஷயம் இதுதான். 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர் போரில், திப்பு சுல்தானுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பகுதி நம்ம பாரமகால். அதாவது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம். 1791 ஜூலையில் ராயக்கோட்டை கம்பெனி கைக்குப் போனது. அதே நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் என்பவர் ராத்திரியில் கிருஷ்ணகிரி மீது பாய்ந்தார். அடிவாரத்துப் பேட்டை விழுந்துவிட்டது. மேல்கோட்டைக்கு ஏணி தூக்கிக்கொண்டு ஓடினால், மேலிருந்து பெரிய பெரிய கல்லாக உருட்டிவிட்டார்கள். ஏணி காலி, ஆளும் காலி. கடைசிவரை சண்டை போட்டு அந்தக் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்தில்தான் பாரமகால் கம்பெனிக்குப் போனது. பேப்பரில் கையெழுத்து, அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் எனக்கு வந்த ஆசை, இந்த ராத்திரியை விளையாடிப் பார்க்கணும் என்பது. மொபைலில் இல்லை, டேபிளில்.

மினியேச்சர் வார்கேம் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேஜை மேல் மலை, ஊர், வயல் எல்லாம் செய்து வைத்து, குட்டிக் குட்டி சிப்பாய் பொம்மைகளை அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி யார் விழுந்தார் என்று பார்க்கிற ஆட்டம். நம்ம ஆடுபுலி ஆட்டத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டம் மட்டும் கிடையாது. பிரஷ்ய ராணுவம் 1824-லேயே அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க இப்படி ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் பொம்மை சிப்பாய்களை வைத்து ஆட ஒரு விதிப் புத்தகமே எழுதினார்.

இன்று யூடியூபில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் 28 மி.மீ உயரப் பொம்மைகள். முகம், பட்டன், மீசை எல்லாம் தெரியும். கொலுப்படியில் வைக்கிற மாதிரி அழகு. சிக்கல் எங்கே என்றால், கணக்கில்.

28 மி.மீ பொம்மை என்பது நிஜ மனிதனில் சுமார் 60-ல் ஒரு பங்கு. அந்தக் காலத்துத் துப்பாக்கி உருப்படியாகச் சுட்டது சுமார் 100 மீட்டர். அதை 60-ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் மீட்டர் பக்கம் வரும். உங்கள் வீட்டு டைனிங் டேபிளில் இந்த முனையில் நிற்கிறவன் அந்த முனையில் நிற்கிறவனைச் சுட்டுவிடுவான்! நகர இடமே இல்லை. அதனால் தூரத்தைச் சுருக்கி, 600 பேர் இருக்கிற பட்டாளத்தை 20 பொம்மையாகக் காட்டுவார்கள். பார்க்கப் படைபோல இருக்காது, தெருமுனைச் சண்டைபோல இருக்கும்.

இதற்கு வந்த பதில்தான் சின்ன அளவு. 15 மி.மீ, 10 மி.மீ, 6 மி.மீ. ஆறு மி.மீ என்றால் 300-ல் ஒரு பங்கு. அதே 100 மீட்டர் இங்கே 33 சென்டிமீட்டர்தான். ஆறு சென்டிமீட்டர் அகல அட்டையில் 24 பேரை நிற்கவைக்கலாம். பக்கவாட்டில் சுற்றிப் போகலாம், பின்னால் ஒரு படையை ஒளித்து வைக்கலாம். அப்போதுதான் நீங்கள் சிப்பாயாக இல்லாமல் தளபதியாக யோசிக்க ஆரம்பிப்பீர்கள். 10 பேர் தங்கும் மேன்ஷன் ரூமில் முழுப் படையும் ஒரு ஷூ டப்பாவில் அடங்கும் என்பது கூடுதல் லாபம்.

இழப்பு ஒன்று இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆசையாக ஒரு பொம்மைக்கு முகம் வரைய முடியாது. சின்ன உருவம் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் என்பதால், நிஜத்தைவிடப் பளிச்சென்ற நிறம்தான் அடிக்கணும். கறுப்பு அடித்து, மேலே சிவப்புச் சட்டை, முகத்துக்கு ஒரு புள்ளி, முடிந்தது. பெயின்ட் அடிக்கிறதுதான் உயிர் என்பவர்களுக்கு இது பிடிக்காது. (அந்த வேலையையே தொழிலாகச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற பெர்னாண்டோ என்டர்பிரைசஸ் நம்ம பக்கத்து இலங்கையில் இருக்கிறது.)

பாலக்கோட்டில் தக்காளிக்கு மண்டி இருக்கிறது, 6 மி.மீ சிப்பாய்க்கு இல்லை. பிரிட்டனிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து வயிற்றெரிச்சல். அதனால் இன்னும் கீழே இறங்கினேன்: 2 மி.மீ! அந்த அளவிலும் உலோகப் பொம்மைகள் விற்கிறார்கள். எனக்கு வீட்டு ராகி டப்பாவே போதுமாக இருந்தது. தர்மபுரிக்காரனுக்கு இதைவிட என்ன வேணும்?

ஐந்து சென்டிமீட்டர் நீள அட்டை, ஃபெவிகால், மூன்று வரிசை ராகி. சுமார் 90 மணி. ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் ஒரு மணி மூன்று சிப்பாய்க்குச் சமம், இரண்டு அட்டை ஒரு 600 பேர் பட்டாளம். துப்பாக்கித் தூரம் 10 சென்டிமீட்டர். ராகியின் நிறமே கம்பெனி சிப்பாயின் செங்கோட்டுக்கு ஓரளவு பொருந்துகிறது. திப்புவின் காலாட்படை ஊதாத் துணியில் புலிக்கோடு போட்ட உடுப்பு அணிந்தது. இந்த அளவில் கோடெல்லாம் ஆகாது, ஊதா அடித்து வெள்ளைப் புள்ளி வைத்தேன். முதல் படையை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவதுக்கு வார்னிஷ் அடித்தேன். தெர்மாகோலை அடுக்கி மலை, தேங்காய் நாரில் வயல்.

பட்டாளங்களை அடுக்கும்போது ஒன்று உறைத்தது. கம்பெனிப் படையிலும் பெரும்பாலானவர்கள் இந்தியச் சிப்பாய்கள்தான். ஊதா பெயின்டை எடுத்துவிட்டால் ரெண்டு பக்கமும் ஒரே ராகி. பேட்டையில் குடியிருந்த ஜனங்களுக்கு என்ன வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எதுவும் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பையன் வந்தான். கோட்டை அவனுக்கு, மேக்ஸ்வெல் நான். விதி சிம்பிள்: ஒரு முறைக்கு 10 சென்டிமீட்டர், மலையில் பாதி. ஏணி வைத்த பட்டாளம் ஏற 5 அல்லது 6 விழணும். அதற்கு முன் கல் உருட்ட அவனுக்கு ஒரு உருட்டு. 4-க்கு மேல் விழுந்தால் என் அட்டை ஒன்று அவுட். பேட்டை இருபது நிமிஷத்தில் என் கையில். அப்புறம் மூன்று தடவை ஏணி வைத்தேன், மூன்று தடவையும் கல்.

“அண்ணா, ஏன் திரும்பத் திரும்ப அதே வழியில ஏறுற?”

“வேற வழி இல்லடா.”

“பேட்டையோட நிறுத்திக்கிட்டுப் போயிருக்கலாம்ல?”

அவன் சொன்னது சரிதான். அடுத்த வாரம் பக்கம் மாற்றி ஆடுகிறோம். அதற்குள் குதிரைப்படைக்குக் கம்பு ஒட்டணும்.