குயிலுக்குத் தேவையில்லாத ஆசான்

இனிய குரலுக்குக் குயிலையும் கரகரத்த குரலுக்குக் காகத்தையும் உவமை சொல்வது நம் வழக்கம். பறவையியல் வகைப்பாட்டிலோ காகம்தான் 'பாடும் பறவைகள்' என்ற பிரிவைச் சேர்ந்தது. குயில் அதில் இல்லை. இதை முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே எண்ணினேன். வகைப்பாட்டில் குரலின் இனிமைக்கு இடமில்லை. குரலுறுப்பின் அமைப்பும் மரபுவழியுமே அளவுகோல்.

இந்த வேறுபாட்டுக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. குயில் குஞ்சு காகத்தின் கூட்டில் பொரிந்து, காகம் கரைவதைக் கேட்டே வளர்கிறது. ஆயினும் பருவம் வந்ததும் குயிலாகவே கூவுகிறது. அதன் கூவல் பிறவியிலேயே அமைந்தது, ஆசான் தேவையில்லை. பாடும் பறவைகளின் நிலை வேறு. அவை தம் பாட்டை மூத்த பறவைகளிடம் கேட்டுத்தான் கற்க வேண்டும்.

இதை ஆராய்வதற்கு அறிவியலாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது ஆஸ்திரேலியாவின் ஸீப்ரா ஃபின்ச் என்னும் சிறு பறவையை. இதில் ஆண் மட்டுமே பாடும். குஞ்சு பொரிந்து ஏறத்தாழ 25 நாள் முதல் 60 நாள் வரையிலான காலத்தில் தந்தையின் பாட்டை மனத்தில் பதித்துக்கொள்கிறது. இடையிலேயே பயிற்சியும் தொடங்கிவிடும். முதலில் வருவது மழலை போன்ற உளறல். பல்லாயிரம் முறை பாடிப் பாடி, 90 நாள் அளவில் அது தேர்ந்த பாட்டாக நிலைபெறுகிறது. ஆசானின் பாட்டைக் கேளாமல் வளர்ந்த பறவையும் ஏதோ பாடும். ஆனால், அது அந்த இனத்தின் இயல்பான பாட்டாக இருக்காது.

கேட்டால் மட்டும் போதுமா? ஆசானின் பாட்டைக் கேட்டுவிட்ட குருவிகள், தாம் பாடத் தொடங்குமுன் செவித்திறனை இழந்தால் அதை மீட்டுப் பாட முடிவதில்லை என்று 1965-இல் மசகாசு கொனிஷி காட்டினார். தன் குரலைத் தானே கேட்டு, மனத்திலுள்ள பாட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் வேலையே கற்றலின் உயிர்நாடி.

அந்த வேலை மூளையில் எங்கே நடக்கிறது? ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டோ நாட்டபோமும் அவருடைய குழுவினரும் 1976-இல் கேனரி பறவையின் மூளையில் பாட்டுக்கான நரம்பணுத் திரள்களை அடையாளம் கண்டனர். அங்கே இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, கற்ற பாட்டைக் குரலுறுப்புக்குக் கொண்டுசெல்வது. மற்றொன்று, முன்மூளையின் அடித்தள நரம்பு முடிச்சுகள் வழியாகச் சுற்றிவருவது; கற்றலுக்குரியது. இந்த இரண்டாம் பாதையில் உள்ள எல்மேன் என்ற பகுதியைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தால், இளம் பறவையின் தடுமாற்றங்கள் சட்டென மறைந்து, பாட்டு ஒரே வார்ப்பாகிவிடுகிறது. அதாவது, இளம் பறவையின் பிழைகள் வெறும் இயலாமையல்ல. பலவிதமாகப் பாடிப் பார்ப்பதற்காக மூளையே அவற்றைப் பெரிதும் உண்டாக்குகிறது.

பிழையைத் தரம்பிரிக்கும் பொறுப்பில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களுக்குப் பங்குண்டு. பறவை பாடும்போதே அதன் குரல் சிதைந்து ஒலிப்பதுபோலக் கேட்கச் செய்தால் அவை அடங்குகின்றன. சிதைவை எதிர்பார்த்த இடத்தில் பாட்டு சரியாக ஒலித்தால் துடிக்கின்றன. 2016-இல் வெளியான இந்த முடிவைவிட என்னைக் கவர்ந்தது, பின்னர் தெரியவந்த ஒன்று. பெண் பறவையின் முன் பாடும்போது இந்தத் தன்திருத்தக் குறிப்பு மங்கிவிடுகிறது. தனிமை சாதகத்துக்கு; அரங்கேற்றத்தில் திருத்தலுக்கு இடமில்லை.

இத்தனை நுட்பமான மூளை இருந்தும், பாட்டு அதற்குள் இல்லை என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. கற்கும் ஆற்றல் பிறவியில் வருகிறது. கற்கவேண்டிய பாட்டு முந்தைய தலைமுறையிடமிருந்து வருகிறது. அந்தத் தலைமுறை இல்லாவிட்டால் என்ன ஆகும்?

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் ரீஜன்ட் ஹனிஈட்டர் என்ற தேனுண்ணும் பறவை இதற்கு விடை சொல்கிறது. காடழிப்பால் காட்டில் எஞ்சியவை சில நூறு மட்டுமே. 2021-இல் வெளியான ஆய்வின்படி, ஆண் பறவைகளில் 27 விழுக்காடு தம் வட்டாரத்துக்குரிய பாட்டிலிருந்து மாறுபட்டுப் பாடின. 12 விழுக்காடு வேற்றினப் பறவைகளின் பாட்டையே பாடின. கற்கும் பருவத்தில் அவற்றின் செவிக்கு எட்டும் தொலைவில் தம் இனத்து மூத்த ஆண் இல்லை. அருகில் எது பாடியதோ அதைக் கற்றுக்கொண்டன. இப்படி மாறிப் பாடியவற்றுக்கு இணை கிடைக்கும் வாய்ப்பும் குறைவாக இருந்தது. எண்ணிக்கை குறைவதால் பாட்டு மறைகிறது. பாட்டு மறைவதால் எண்ணிக்கை மேலும் குறைகிறது.

சிட்னியின் டரோங்கா உயிரியல் பூங்காவில் கூண்டில் வளரும் குஞ்சுகளுக்கு ஒலிப்பதிவுகளையும், காட்டில் பிறந்த ஆண் பறவைகளையும் கொண்டு பாட்டுப் பயிற்சி தருகிறார்கள். எங்கோ நடக்கும் விந்தை என்று இதை ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. கூண்டில் பெருக்கிக் காட்டில் விடும் திட்டங்களில் நாம் பெரும்பாலும் தலைகளை எண்ணியே நிறைவடைகிறோம். கற்று வாழும் உயிர்களுக்கு அந்தக் கணக்கு போதாது. எத்தனை குஞ்சுகள் என்பதோடு, அவற்றுக்குக் கற்பிக்க எத்தனை மூத்த பறவைகள் எஞ்சியுள்ளன என்பதையும் கேட்க வேண்டும். கடைசி ஆசான் மறைவதற்கு முன்பே கேட்க வேண்டும்.