டவர்மேல் பழி போடாதீர்கள்

வெள்ளிமலையில் செல்பேசியில் எது நின்றாலும் பழி முதலில் டவர்மேல்தான். கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் என்றாலும் மலை மலைதானே. சிக்னல் வரும், போகும். ஆனால் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது திரையில் 'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் <' என்று வந்தால் டவர் நிரபராதி. பதில் மலையேறி வந்துவிட்டது. வந்ததுதான் வேறு சரக்கு.

சர்வர் அனுப்பும் பதிலின் தலைப்பில் 'கன்டென்ட்-டைப்' என்றொரு வரி இருக்கும். உள்ளே இருப்பது வலைப்பக்கமா, படமா, நிரல்கள் படிக்கும் ஜேசன் தரவா என்று சொல்லும் சீட்டு அது. 1992-இல் நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் மின்னஞ்சலில் படமும் ஒலியும் அனுப்புவதற்காக வகுத்த முறை. பிறகு வலையும் எடுத்துக்கொண்டது.

செயலி எதிர்பார்ப்பது ஜேசன். அது பெரும்பாலும் '{' என்று தொடங்கும். அதைத் தயாரிக்கும் நிரலுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற முகப்பு சர்வர் ஒன்று நிற்கும். பின்னால் நிரல் படுத்துவிட்டால் முகப்பு சர்வரே பதில் சொல்லிவிடும்: வெள்ளைப் பக்கம், நடுவில் '502 பேட் கேட்வே', கீழே ஒரு கோடு, அதன்கீழ் தன் பெயர். மனிதர் படிப்பதற்காக எச்டிஎம்எல்லில் எழுதியது. முதல் குறியே '<'. சீட்டில் 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' என்று ஒழுங்காகத்தான் இருக்கும். செயலிதான் சீட்டைப் பார்ப்பதில்லை. சாமை குத்தும் எந்திரத்தில் மரவள்ளிக்கிழங்கைக் கொட்டியதுபோல முதல் குறியிலேயே சிக்கிக்கொள்ளும்.

சீட்டே பொய் சொல்வதும் உண்டு. ஜேசன் என்று ஒட்டிவிட்டு உள்ளே எச்டிஎம்எல் வைப்பார்கள். பிழைப் பக்கத்தை, எல்லாம் சரி என்று பொருள்படும் '200 ஓகே' என்ற எண்ணோடு அனுப்புவார்கள். மற்றதைப் பொறுக்கலாம், இதைப் பொறுக்க முடியாது. பிழை நடந்ததே எந்திரங்களுக்குத் தெரியாமல் போகிறது.

தமிழுக்கு இன்னொரு வினையும் உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'தி' என்ற ஒற்றை எழுத்துக்கு 6 பைட். அந்த முறையின் பெயரைச் சீட்டிலும் பக்கத்திலும் குறிக்காமல் விட்டால், உலாவி அதை ஐரோப்பிய எழுத்து என்று எடுத்துக்கொண்டு ஆறு கிறுக்கல்களாகக் காட்டக்கூடும். 'மன்னிக்கவும்' என்ற வரியே படிக்க முடியாமல் போகும்.

பிழையையும் ஜேசனிலேயே, தனிச் சீட்டோடு அனுப்புவதற்கு 2016-இலேயே பொது விதி வந்துவிட்டது, 2023-இல் திருத்தப்பட்டது. முகப்பு சர்வரில் சில வரிகள் மாற்றினால் போதும்.

502 போல 5-இல் தொடங்கும் எண்கள் வந்தால் கோளாறு சர்வர் பக்கம். உங்கள் விண்ணப்பத்தில் அல்ல. ஆனால் பின்னால் இருந்த நிரல் படுப்பதற்குமுன் உங்கள் பணத்தை வாங்கியிருக்கலாம். மறுபடி கட்டணம் கட்டுமுன் வங்கிக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.