இலையுதிர் காலம் இல்லாத ஊரில் இலைகளின் வண்ணம்

குளிர் நாடுகளில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மரங்களின் இலைகள் பச்சை நிறம் மாறி, மஞ்சளும் செம்மையும் பூண்டு, பின்னர் உதிர்ந்துவிடுகின்றன. இக்காட்சியைக் காண்பதற்கென்றே மலைப்பாதைகளில் நடைப்பயணம் மேற்கொள்வது ஜப்பானியரின் நெடுநாளைய வழக்கம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் இவ்வழக்கம் உண்டு. நம் நாட்டில் காஷ்மீரத்துச் சினார் மரங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. மும்பையில் வாழும் தமிழர் இவற்றைப் படங்களில் கண்டு, இத்தகைய காட்சி நம் ஊருக்கு வாய்க்கவில்லையே என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய காடு ஒன்று ஆண்டுதோறும் நிறம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அது மாறும் மாதம் வேறு, மாறும் முறையும் வேறு. ஆகையால் பலர் அதனைக் காணாமலே விட்டுவிடுகின்றனர்.

இதற்கு நம் பாடநூல்களில் வழங்கும் ஒரு சொல்லும் ஓரளவு காரணமாகும். ஐரோப்பியரின் நான்கு பருவங்களைத் தமிழில் பெயர்த்தவர்கள் அவற்றுள் மூன்றாவதற்கு 'இலையுதிர் காலம்' என்று பெயரிட்டனர். அவர்களுடைய நாடுகளுக்கு இப்பெயர் முற்றிலும் பொருந்தும். ஆனால் தமிழர் வகுத்த ஆறு பருவங்களுள் இலை உதிர்வதைப் பெயராகக் கொண்டது ஒன்றும் இல்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற இவ்வரிசையில், மேற்குக் கரையோரக் காடுகளில் இலை உதிர்வது பெரும்பாலும் பனிக்காலங்களில்தான். பின்பனி முடியுமுன்னரே தளிர்களும் தோன்றத் தொடங்குகின்றன. அக்டோபரில் வண்ணம் தேடிச் செல்பவர் பச்சைக் காட்டையே காண்பார். தேக்கு மரங்கள் மட்டும் அப்போதே பழுப்பேறியிருப்பதுண்டு. அது பருவத்தின் செயலன்று. ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்கள் நரம்புகளை விட்டுப் பச்சைப் பகுதியை மட்டும் தின்றுவிடுவதால், இலை வலைபோலாகிக் காய்ந்து நிற்கிறது.

குளிர் நாட்டு மரம் இலையை உதிர்ப்பது வரவிருக்கும் உறைபனிக்கு அஞ்சியே. பகற்பொழுது குறுகி, வெப்பநிலை தாழும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதனைச் சார்ந்த புரதங்களில் உள்ள நைட்ரஜன் முதலிய சத்துக்களை மரம் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை நீங்கியதும், முன்னரே இலையில் மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகளின் மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ அப்படி மறைந்திருந்ததன்று. ஆன்தோசயனின் என்னும் நிறமி சாகப்போகும் இலையில் புதிதாக உண்டாக்கப்படுகிறது. பின்னர்க் காம்பின் அடியில் தக்கை போன்ற ஓர் அடுக்கு தோன்ற, இலை கழன்று வீழ்கிறது.

மும்பையில் உறைபனி ஏது? இங்கு மரத்துக்கு உள்ள கவலை தண்ணீர். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. எஞ்சிய மாதங்களில் பெரும்பாலும் வறட்சியே. இலைவழியே நீர் ஆவியாகிப் போவதைத் தடுப்பதற்காகவே இங்குள்ள மரங்கள் இலைகளைக் கைவிடுகின்றன. எல்லா மரங்களும் ஒரே வாரத்தில் இதனைச் செய்வதில்லை. ஆகவே மலைச்சரிவு முழுவதும் ஒருசேரத் தீப்பற்றியது போன்ற ஜப்பானியக் காட்சியை இங்கு எதிர்பார்க்கலாகாது. மரத்துக்கு மரம் மாறும் நிறத்தை நின்று பார்க்கும் பொறுமை வேண்டும்.

பார்க்கத்தக்க இடம், முன்னர்ப் போரிவலி தேசியப் பூங்கா எனப்பட்டு, இப்போது சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என வழங்கும் காடு. இதன் பரப்பு ஏறத்தாழ 104 சதுரக் கிலோமீட்டர். தலைவாயிலிலிருந்து கன்ஹேரிக் குகைகளுக்குச் செல்லும் சாலை சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ளது. கரும்பாறையில் குடைந்த நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகளைக் காண வருவோர் இச்சாலையை வண்டியில் கடந்துவிடுகின்றனர். நடந்து செல்வோர்க்கே மரங்கள் புலப்படும். ஜனவரியில் தேக்கும், மராத்தியர் ஐன் என்றழைக்கும் கருமருதும் மஞ்சளும் பழுப்புமாகி உதிரத் தொடங்குகின்றன. பிப்ரவரியில் ஒதிய மரமும் இலவும் வெறும் கிளைகளாய் நிற்கும். இலவின் கிளைகளில் செம்மலர்கள் மட்டும் இருக்கும். புரச மரமும் இலையின்றிச் செம்மஞ்சட் பூக்களால் மூடப்படுகிறது. மராத்தியர் கண்டோல் என்னும் மரத்தின் வெண்ணிறப் பட்டை, இலை மறைவு நீங்கியபின் தொலைவிலிருந்தும் தெரியும்.

ஆனால் இக்காட்டின் சிறப்பு மார்ச்சு மாதத்தில்தான் விளங்கும். தமிழில் பூவம் என்றும் கும்பாதிரி என்றும், மராத்தியில் கோசிம்ப் என்றும் பெயர் பெற்ற மரம் அப்போது குருதிச் செந்நிறமாகத் தோன்றும். முதன்முறை காண்போர் அதைப் பூ என்றே கருதுவர். அவை தளிர்கள்! குளிர் நாட்டில் சாகும் இலையில் தோன்றும் அதே ஆன்தோசயனின் வகை நிறமி இங்கே பிறக்கும் இலையில் தோன்றுகிறது. சில நாட்களில் சிவப்பு செம்பு நிறமாகி, வெளிர்பச்சையாகி, இறுதியில் கரும்பச்சையாகிவிடும். இம்மரம் அரக்குப் பூச்சி வளர்ப்புக்கும் பயன்படுவது. மா, இலுப்பை, அரசு ஆகியவற்றின் தளிரும் இதே முறையில் செம்மை காட்டுவன. இச்சிவப்பின் பயன் குறித்து விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கடும் வெயிலிலிருந்து இளந்தசையைக் காக்கும் திரை என்பர் சிலர். இலை தின்னும் பூச்சிகளையும் பூசணங்களையும் தடுக்கும் காப்பு என்பர் வேறு சிலர்.

இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. நீரில்லை என்று இலையை உதிர்த்த மரம், மழைக்கு மூன்று மாதம் இருக்கையில், வெயில் ஏறும் வேளையில், மீண்டும் தளிர்ப்பானேன்? கோஸ்டா ரிக்கா நாட்டின் வறண்ட காடுகளை ஆராய்ந்த ரோல்ஃப் போர்ச்சர்ட், இத்தகைய மரங்கள் தண்டிலும் ஆழமான மண்ணிலும் உள்ள நீரைக்கொண்டு தளிர்ப்பதையும், பகற்பொழுது சிறிது நீள்வதே அவற்றுக்குக் குறிப்பாவதையும் விளக்கியுள்ளார். மும்பையில் டிசம்பர் இறுதியில் ஏறத்தாழ 11 மணி நேரமாக உள்ள பகல், மார்ச்சு இறுதியில் 12 மணி நேரத்தைச் சற்றுக் கடந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் முதுமலைக் காட்டில் ஆய்வு செய்த கே. எஸ். முரளியும் இரா. சுகுமாரும் 1993இல் வெளியிட்ட கட்டுரை இதன் பயனைக் காட்டுகிறது: வறட்சியிலேயே தளிர்க்கும் மரங்களைவிட, மழை தொடங்கியபின் தளிர்க்கும் மரங்களின் இலைகளே பூச்சிகளுக்கு மிகுதியாக இரையாகின்றன. மழையோடு பூச்சிகள் பெருகும்போது, முந்திக்கொண்ட இலைகள் முற்றிவிட்டிருக்கும்.

காட்டுக்குச் செல்ல இயலாதவர்க்கும் வழி இல்லாமலில்லை. தெருவோரங்களில் நிற்கும் நாட்டு வாதுமை, உதிருமுன் சிவக்கும் மரமாகையால், குளிர் நாட்டு முறைக்கு நம் ஊரில் மிக அருகில் இருப்பது அதுவே. ஜனவரி, பிப்ரவரியில் அதன் ஓர் இலையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றையும் ஒருங்கே காணலாம். தாராவியின் அருகே மித்தி ஆற்றங்கரையில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, ஒருகாலத்தில் நகரின் குப்பை கொட்டப்பட்ட இடம். அங்கே மரங்கள் நடப்பெற்று, 1994இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. தளிர் மாறுவதை வாரந்தோறும் சென்று கவனிக்க விரும்புவோர்க்கு, பரப்பில் ஏறத்தாழ 15 ஹெக்டேரே ஆயினும் அது போதும்.

உதிர்ந்த இலைகளைப் பற்றியும் ஒரு சொல். போரிவலிக் காட்டினுள் விகார், துளசி என்னும் இரு ஏரிகள் உள்ளன. முறையே 1860, 1879 ஆம் ஆண்டுகளில் மும்பையின் குடிநீருக்காக அமைக்கப்பட்டவை. இவற்றைச் சூழ்ந்த சரிவுகளில் படியும் சருகு, ஜூன் மாதத்து முதற்பெருமழையின் வேகத்தைத் தாங்கி, மண் கரைந்து ஏரியில் படியாமல் காக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கவனக்குறைவாக எறியப்படும் ஒரு பீடித்துண்டு, ஓராண்டுச் சருகையும் அதனடியில் முளைத்த கன்றுகளையும் ஒரு பிற்பகலில் சாம்பலாக்கிவிடக் கூடும். காய்ந்த காட்டைச் செத்த காடு என்று கருதுவோரே இவ்வாறு எறிகின்றனர்.

மாட்டுங்கா, தாராவி வாசிகள் மாட்டுங்கா ரோடு அல்லது மாகிம் நிலையத்தில் ஏறிப் போரிவலியில் இறங்கலாம். செம்பூரிலிருந்து வருவோர் குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறவேண்டும். நிலையத்துக்குக் கிழக்கே நடந்து செல்லும் தொலைவில் பூங்காவின் வாயில் உள்ளது. திங்கட்கிழமைகளில் பூங்கா மூடப்பட்டிருக்கும். சிலோண்டா போன்ற உட்பாதைகளில் வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றிச் செல்லலாகாது; இக்காட்டில் சிறுத்தைகள் வாழ்கின்றன. மார்ச்சு மாதத்து வெயில் பத்து மணிக்கே கடுமையாகிவிடுமாதலால், காலை முதல் வண்டியில் புறப்பட்டு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுசெல்வது நலம். சிவந்த மரங்களை எண்ண விரும்புவோர் கன்ஹேரிக் குன்றின் உச்சிப் பாறையை அடைந்து கீழே நோக்கினால், தளிர்விட்ட பூவ மரங்கள் பழுப்புக் காட்டினிடையே தனித்தனியே தெரியும்.