வாசலில் நிற்கும் வண்டி யாருக்காக?

கொங்கு நாட்டுக் குடும்பங்களின் வாசலில் ஒரு காலத்தில் மாட்டுவண்டி நின்றது. பின்னர் மொபெட்டும் ஸ்கூட்டரும் நின்றன. இன்றோ சற்றே உயரமான, அகன்ற முகப்புடைய சிறு கார் பல வீடுகளின் முன் நிற்கக் காண்கிறோம். விற்பனையாளர் இதனைக் 'காம்பாக்ட் எஸ்.யூ.வி.' என்கின்றனர். 'உசரமான காரு' என்று சொன்னாலே நம் மக்களுக்குப் புரிந்துவிடும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மாலை சூட்டி மந்திரிப்புக்காகக் கோவில் முற்றத்தில் நிறுத்தப்படும் புது வண்டிகளில் பல இவ்வகையினவே.

மந்திரிப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வண்டியோ பத்தாண்டு குடும்பத்தோடு வாழும். அந்தப் பத்தாண்டைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். நாமும் கடந்த ஐந்து ஆண்டுகளாக இத்தகைய டீசல் வண்டி ஒன்றைப் பங்குப் பணிக்குப் பயன்படுத்தி வருவதால், ஏட்டறிவை மட்டும் கொண்டு இதனை எழுதவில்லை.

நான்கு மீட்டர்க் கணக்கு

இவ்வண்டிகளின் பின்புறம் வெட்டி நிறுத்தினாற்போல் முடிவதைப் பலர் கவனித்திருக்கலாம். இதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று, வரிக்கணக்கே. 2006-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில், நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகாமலும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்கும் டீசல் எஞ்சின் 1,500 சி.சி.க்கும் மிகாமலும் உள்ள கார்களுக்குக் கலால் வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அந்த அளவுக்குள் அடங்குமாறு உயரமான வண்டிகளையும் நிறுவனங்கள் வடிவமைத்தன. 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய சிறு கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதன்மேல் இருந்த கூடுதல் தீர்வையும் நீங்கியது.

இவற்றுள் சில நம் மாநிலத் தொழிலாளர் கைப்பட உருவானவை. மறைமலை நகரில் ஃபோர்டு எக்கோஸ்போர்ட், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வென்யூ, ஒரகடத்தில் நிசான் மேக்னைட் ஆகியவை அவ்வாறு பிறந்தன.

உயரத்தின் பயன்

மூட்டுவலியால் ஈராண்டுக் காலம் கோவிலுக்கு வராதிருந்த மூதாட்டி ஒருவர், மகன் இத்தகைய வண்டி வாங்கிய பின் மீண்டும் திருப்பலிக்கு வரத் தொடங்கினார். தாழ்வான காரில் உட்கார முழங்காலை நன்கு மடக்க வேண்டும். எழும்போது இருவர் தூக்கிவிட வேண்டும். இவ்வண்டியின் இருக்கையோ ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் உள்ளது. "சேலையைப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்தாப் போதுமுங்க சாமி," என்றார் அவர். இருபக்கமும் கள்ளியும் வேலியுமாய்க் கிடக்கும் இட்டேரிகளில் கல்லும் மேடும் அடியில் தட்டாமல் தோட்டத்து வீடு வரை செல்ல முடிவதும் இந்த உயரத்தின் பயனே.

உயரம் தரும் எச்சரிக்கை

ஆயினும் உயரமான வண்டிக்கு எடையின் மையமும் உயரத்தில் அமைகிறது. ஆகையால் வளைவில் வேகமாகத் திரும்பினால் தாழ்வான காரைவிட இது அதிகம் சாயும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய சாலைகளில், எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் கற்பிக்கும் பாடம். பிரேக்கை மட்டும் நம்பித் தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழந்துவிடும்.

திருமண வீட்டிற்குச் செல்லுகையில் ஐவர் அமரும் வண்டியில் எண்மரை ஏற்றுவதையும், மடியில் குழந்தையோடு தாய் முன்னிருக்கையில் அமர்வதையும் நாம் அடிக்கடி காண்கிறோம். காற்றுப்பை வெடித்து விரியும் விசை மடியிலுள்ள குழந்தையின் உயிருக்கே கேடாகும். பின்னிருக்கையில் இருப்போருக்கும் இருக்கைப் பட்டை வேண்டும். 2022 செப்டம்பர் 4 அன்று மராட்டிய மாநிலம் பால்கரில் நிகழ்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மாண்டார். விலையுயர்ந்த பெரிய வண்டிதான் அது; ஆனால் பின்னிருக்கையில் இருந்த அவர் பட்டை அணிந்திருக்கவில்லை.

ஓட்டமும் பராமரிப்பும்

2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ். 6 டீசல் கார்களில், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. வண்டி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீராக ஓடி, வெளியேறும் புகை நன்கு சூடேறினால்தான் சேர்ந்த கரி எரிந்து வடிகட்டி தூய்மையாகும். பங்கு எல்லைக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே நம் வண்டி ஓடிய சில வாரங்களில், எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிற்று. மெக்கானிக் கூறியபடி சேலம் நெடுஞ்சாலையில் அவிநாசி வரை சென்று திரும்பினோம், விளக்கு அணைந்தது. ஆகவே பள்ளிக்கும் கடைக்கும் மட்டுமே வண்டி தேவைப்படும் குடும்பம், மைலேஜ் ஒன்றையே எண்ணி டீசல் வண்டியைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது.

டயரின் காற்றழுத்தத்தை மாதம் இருமுறையாவது, வண்டி ஓடிச் சூடேறுமுன் பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் அருகே ஒட்டப்பட்டிருக்கும். குடும்பத்தோடும் மூட்டைகளோடும் செல்லும்போது வேண்டிய அளவு வேறு, தனியே செல்லும்போது வேண்டிய அளவு வேறு.

தவணை என்னும் பயணி

விசைத்தறி வைத்திருக்கும் அன்பர் ஒருவரின் வண்டி பல வாரங்கள் வெளியே வரவில்லை. நூல் விலை ஏறித் தறிகள் நின்றிருந்த காலம் அது. விசாரித்தோம். "ஏனுங்க சாமி, வண்டி ஓடுனாத்தான் செலவுன்னு நெனச்சனுங்க. இது நிக்கறதுக்கே காசு கேக்குதுங்க," என்றார்.

அவர் கூறியதை எண்களால் விளக்குவோம். 8 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுத் தவணைக்கு வாங்கினால் மாதம் ஏறத்தாழ ரூ. 12,870 கட்ட வேண்டும். மொத்த வட்டி ஏறத்தாழ ரூ. 2.81 லட்சம். அதையே 5 ஆண்டில் அடைத்தால் மாதம் ரூ. 16,600, வட்டி ரூ. 1.96 லட்சம். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் ஆகியவை இதற்கு மேல். முன்பணம் சேரும் வரை ஓராண்டு காத்திருப்பதில் இழிவு ஏதுமில்லை. வாங்குமுன் ஆறு மாதம், அத்தவணைத் தொகையை வங்கியில் தவறாது சேமித்துப் பார்க்கட்டும். அது இயலவில்லையெனில், அண்டை வீட்டாரின் வண்டியைப் பார்த்து எழுந்த ஆசை நம் வீட்டுக்குப் பொருந்தாது என்பது தெளிவாகும்.

செய்தவர் விலகினாலும்

நான்கு மீட்டருக்குட்பட்ட இவ்வகை வண்டியை நாடெங்கும் பரவச் செய்தவற்றுள் 2013-இல் வந்த எக்கோஸ்போர்ட் முதன்மையானது. ஆனால் 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு நிறுவனம் அறிவித்தது. உதிரிப் பாகங்களும் சர்வீசும் தொடரும் என்று உறுதி கூறப்பட்டது. எனினும், வாங்கியோரின் மனத்தில் எழுந்த கலக்கம் இயல்பானதே. இதிலிருந்து நாம் அறிவது: புது வண்டியைத் தேர்கையில் விலையையும் தோற்றத்தையும் மட்டுமன்றி, அருகில் சர்வீஸ் நிலையம் உண்டா, பாகங்கள் எளிதில் கிடைக்குமா என்பவற்றையும் விசாரித்தல் வேண்டும். வாங்கிய பின், சர்வீஸ் ரசீதுகளை ஒரு கோப்பில் வரிசையாக வைத்திருத்தல் வேண்டும். மறுவிற்பனையின்போது பேரம் பேச அந்தக் கோப்பே துணை நிற்கும்.

பின்னிருக்கையின் மதிப்பு

2008 முதல் 108 ஆம்புலன்ஸ் சேவை நம் மாநிலத்தில் நற்பணி ஆற்றி வருகிறது. ஆயினும் இட்டேரியின் கடைசியில் உள்ள தோட்டத்து வீட்டில் நள்ளிரவில் ஒருவர் மயங்கி விழுந்தால், முதலில் தட்டப்படுவது கார் உள்ள வீட்டுக் கதவே. விபத்தில் அடிபட்டவரை ஏற்றிச் சென்றால் வழக்கில் சிக்குவோமோ என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்துக்கு இடமில்லை. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134-அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுவோருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அவ்வாறு உதவுபவரைச் சட்டம் 'நல்ல சமாரியர்' என்றே அழைக்கிறது. அடிபட்டவரை ஏற்றிச் செல்லத் தம் வாகன விலங்கையே அளித்தவர் அன்றோ அவர்!

அன்பு வாசகர்களே, புது வண்டியோடு கோவில் முற்றத்திற்கு வரும்போது சாவியோடு இரு கேள்விகளையும் கொண்டு வாருங்கள். இதன் தவணை, வீட்டில் எவருடைய படிப்பையோ மருந்தையோ பறிக்குமா? இதன் பின்னிருக்கையில் முதியோருக்கும் நோயுற்ற அயலாருக்கும் இடம் உண்டா? முன்னதற்கு 'இல்லை' என்றும் பின்னதற்கு 'உண்டு' என்றும் மனமாரக் கூற இயலுமாயின், அவ்வண்டி உங்கள் வாசலில் மகிழ்வோடு நிற்கட்டும்.