மெனோபாஸுக்குப் பிறகு ஹார்மோன் சிகிச்சை... ரத்தக்குழாய்களைக் காக்குமா, கெடுக்குமா?

கடலூர் மாவட்டம் விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அகல் விளக்கு, பொம்மை என்று இங்கே தயாராகும் பொருள்களில் பெண்களின் உழைப்பு அதிகம். களிமண் கூழை அச்சில் ஊற்றுவது, காய்ந்ததும் பிசிறு நீக்குவது, சூளைக்கு அடுக்குவது என்று நாள் முழுக்க வேலை இருக்கும்.

சூளைப் பக்கம் நிற்கும் பெண்ணுக்கு முகமெல்லாம் சூடேறி, கழுத்து வேர்த்துக் கொட்டினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். 'சூளைச் சூடு' என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அதே வேர்வை நடு ராத்திரியில், தலைக்கு மேல் ஃபேன் ஓடும்போதும் வந்து எழுப்பினால்? 45 வயதைத் தாண்டிய பெண் என்றால், அது மெனோபாஸின் அறிகுறியாக இருக்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால் அது மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே இது வந்துவிடுகிறது. மேலை நாடுகளில் 51 வயதை ஒட்டி வருகிறது.

அப்போது ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் வெகுவாகக் குறைகிறது. இந்த ஹார்மோனுக்கு மாதவிடாயைத் தாண்டியும் வேலை உண்டு. ரத்தக்குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்க அது உதவுகிறது. அதனால்தான் குழாய் தேவைக்கேற்ப விரிந்து கொடுக்கிறது. ஈஸ்ட்ரோஜென் குறையும்போது குழாய்கள் மெல்ல விறைக்கின்றன. கெட்ட கொழுப்பான எல்.டி.எல் ஏறுகிறது. ரத்த அழுத்தமும் கூடலாம். மெனோபாஸுக்கு முன்பு ஆண்களைவிடக் குறைவாக இருக்கும் மாரடைப்பு அபாயம், பிறகு பெண்களுக்கும் ஏறத் தொடங்குகிறது.

அப்படியானால் குறைந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் சரியாகிவிடாதா? மருத்துவர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தார்கள்.

2002-ல் விழுந்த அடி

அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரை, மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 2002 ஜூலையில் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

ஹார்மோன் எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் 7 பேருக்குக் கூடுதலாக இதயப் பாதிப்பு, 8 பேருக்குக் கூடுதலாகப் பக்கவாதம், 8 பேருக்குக் கூடுதலாக நுரையீரலில் ரத்தக்கட்டி, 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய். உலகம் முழுக்கப் பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள்.

ஆனால், அந்த ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. பலருக்கும் மெனோபாஸ் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

நேரம்தான் முக்கியம்

பச்சை மண்ணில் கீறல் விழுந்தால் ஈர விரலால் தடவிச் சரிசெய்துவிடலாம். சூளையில் வெந்த பிறகு முடியாது. இது செராமிக் வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ரத்தக்குழாயும் ஏறக்குறைய அப்படித்தான் என்கிறது 2016-ல் வெளியான 'எலைட்' ஆய்வு.

இதில் 643 பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். மெனோபாஸ் ஆகி 6 ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள் ஒரு பிரிவு, 10 ஆண்டுகள் கடந்தவர்கள் இன்னொரு பிரிவு. சீக்கிரம் ஈஸ்ட்ரோஜென் தொடங்கியவர்களுக்குக் கழுத்து ரத்தக்குழாயின் சுவர் தடிப்பது மெதுவானது. தாமதமாகத் தொடங்கியவர்களுக்குப் பலனில்லை. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த குழாயில் ஹார்மோன் உதவாமல் போகலாம் என்பதே இதற்கான விளக்கம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவர் தடிப்பது குறைந்தது என்றுதான் இந்த ஆய்வு காட்டியது. மாரடைப்பு குறைந்தது என்று காட்டவில்லை. அதனால், 'இதயத்தைப் பாதுகாக்க' என்று மட்டும் ஹார்மோன் மாத்திரை எடுக்க இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை.

யார் எடுக்கலாம்?

உடல் சூடும் இரவு வேர்வையும் தூக்கத்தையே கெடுக்கும் அளவுக்கு இருக்கிறதா? 60 வயதுக்குள், மெனோபாஸ் ஆகி 10 ஆண்டுகளுக்குள் இருக்கிறீர்களா? வேறு பிரச்னைகள் இல்லையென்றால், மருத்துவர் கண்காணிப்பில் எடுக்கும்போது பெரும்பாலும் ஆபத்தைவிடப் பலனே அதிகம். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், சினைப்பை அகற்றப்பட்ட இளம் பெண்களும் கட்டாயம் இதுபற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜெனைத் தனியாக எடுக்கக் கூடாது. கர்ப்பப்பைப் புற்றுநோயைத் தவிர்க்கப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர வேண்டும்.

யாருக்கு வேண்டாம்?

மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், கால் அல்லது நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையின் பெயரைக் கேட்டு மெடிக்கலில் வாங்குவது கூடவே கூடாது.

மாத்திரை எடுத்தாலும், எடுக்காவிட்டாலும்...

மாதவிடாய் நிற்கும் வயதில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தினமும் அரை மணி நேர நடை, ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் கட்டுப்பாடு ஆகியவையும் குழாய்களைக் காக்கும்.

கடைசியாக ஒன்று. வேர்வையோடு நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், தாடையிலோ இடது கையிலோ வலி சேர்ந்து வந்தால், 'சூளைச் சூடு', 'வாயு', 'மெனோபாஸ்' என்று எந்தக் காரணமும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள்.