காணிக்கைப் பாடல்களும் வழிநூல் மரபும்: ஸ்டீவ் ஏர்லின் தொகுப்புகளை முன்வைத்து

முன்னுரை

பாடகர் ஒருவர் தாம் போற்றும் பாடலாசிரியரின் பாடல்களை மட்டும் தேர்ந்து, தம் குரலில் பாடித் தனித் தொகுப்பாக வெளியிடும் வழக்கம் மேலை இசையுலகில் உண்டு. அதனைக் 'காணிக்கைத் தொகுப்பு' எனலாம். பிறர் பாடலை மீண்டும் பாடுவது நகலெடுப்பா, படைப்பா என்னும் வினா இங்கு எழுகிறது. அமெரிக்கப் பாடகர் ஸ்டீவ் ஏர்லின் தொகுப்புகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

இதற்குத் தமிழ் இலக்கண மரபிலேயே ஓர் அளவுகோல் உண்டு. முன்னோர் நூலின் கருத்தோடு ஒத்து நின்று, பின்னோன் வேண்டும் வேறுபாட்டையும் உடன் கூறுவது வழிநூல் என்பது நன்னூலார் கொள்கை. ஒத்தலும் வேறுபடுதலும் ஒருங்கே அமைதல் வேண்டும் என்பதே இதன் சாரம்.

ஆசிரியரும் மாணவரும்

ஏர்ல் போற்றிய டவுன்ஸ் வான் சான்ட் (1944–1997) டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் பிறந்தவர். வாழ்நாளில் அவர் வணிக வெற்றி கண்டவரல்லர். 1972இல் அவர் குரலில் வெளியான 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி' என்னும் பாடல், 1983இல் வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகர்டும் பாடிய பின்னரே கன்ட்ரி இசைத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. அவருடைய பாடல் பிறர் குரலால் பரவியது என்பது இங்குக் கருதத்தக்கது.

ஏர்ல் பதின்ம வயதில் டவுன்ஸைச் சந்தித்து அவர்தம் மாணவரானார். 1982இல் பிறந்த தம் மகனுக்கு ஜஸ்டின் டவுன்ஸ் எனப் பெயரிட்டார். ஆசிரியர் மறைந்த ஆண்டிலேயே 'ஃபோர்ட் வொர்த் புளூஸ்' என்னும் இரங்கற்பாடலை எழுதி வெளியிட்டார். ஆசிரியரின் சொற்களையே பாட முற்பட்டது 12 ஆண்டுகள் கழிந்த பின்னராகும். 15 பாடல்கள் அடங்கிய 'டவுன்ஸ்' 2009இல் வெளிவந்து, 2010இல் கிராமி விருது பெற்றது.

ஒத்தலும் வேறுபடுதலும்

இத்தொகுப்பின் பல பாடல்களை ஏர்ல் முதலில் தம் குரலையும் கிதாரையும் மட்டும் கொண்டே பதிவு செய்தார். பிற கருவிகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. தனியொருவராய் மேடையில் நின்று பாடிய ஆசிரியரின் முறைக்கு இது நெருங்கியது, இஃது ஒத்தல். 'லங்ஸ்' என்னும் பாடலில் ராக் இசைக்கலைஞர் டாம் மொரெல்லோவின் மின்கிதார் ஒலிக்கிறது; இது பின்னோன் வேண்டிய வேறுபாடு. 'மிஸ்டர் மட் அண்ட் மிஸ்டர் கோல்ட்' பாடலைத் தந்தையும் மகனும் இணைந்து பாடியுள்ளனர். பெயரால் வந்த உறவு அங்குக் குரலாலும் உறுதிப்படுகிறது.

எனினும் மாணவர் ஆசிரியரிடமிருந்து ஏற்கத்தகாததும் ஒன்று உண்டு. டவுன்ஸ் குடிப்பழக்கத்தால் சீரழிந்தவர். ஏர்லும் போதைப்பழக்கத்திற்கு ஆட்பட்டு, 1994இல் சிறை சென்று மீண்டவர். கலைஞனின் துயரவாழ்வே அவன் கலைக்கு ஊற்று எனக் கருதும் மயக்கத்திற்கு மாறாக, இத்தொகுப்பு பாடலை மட்டும் முன்னிறுத்துகிறது.

2019இல் தம் மற்றோர் ஆசிரியரான கை கிளார்க்கின் பாடல்களை ஏர்ல் 'கை' எனத் தொகுத்தார். மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தாமும் பாடலாசிரியராய்ப் புகழ்பெற்றிருந்த ஜஸ்டின், போதைப்பொருளின் மிகையால் தம் 38ஆம் வயதில் மறைந்தார். மகனின் பிறந்தநாளான 2021 ஜனவரி 4ஆம் நாள் 'ஜே.டி.' என்னும் தொகுப்பு வெளிவந்தது. அதில் பத்துப் பாடல்கள் மகனுடையவை. இறுதிப் பாடல் ஒன்றே தந்தையுடையது. தொகுப்பின் வருவாய் பேத்தியின் எதிர்காலத்திற்கென ஒதுக்கப்பட்டது.

முடிவுரை

வழிநூல் முன்னோரைப் பின்னோர் தொடர்வது. 'ஜே.டி.' தொகுப்பில் அவ்வரிசை தலைகீழாகிறது; முதனூலாசிரியர் மகன், வழிநூலாசிரியர் தந்தை. ஆசிரியர்க்குக் காணிக்கையாகக் கற்ற முறையே மகனை இழந்த தந்தைக்குத் துணைநின்றது. பிறர் சொல்லுக்குத் தம் குரலைத் தந்து அதனை வாழவைக்கும் இச்செயலை நகல் எனத் தள்ளுதல் பொருந்தாது. வழிநூலுக்குரிய தகுதியை இதற்கும் வழங்குதலே முறை.